கொயினாவும் நிலவேம்பும்

காய்ச்சல் கண்டால் நிலவேம்புக் கஷாயம் போதுமா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? சுங்கை ஊடாங் வட்டாரத் தோட்டத்திலும் தாமானிலும் கேட்கும் இக்கேள்விக்கு வரலாறு விடை கூறுகிறது.

நம் முன்னோர் காடு அழித்து ரப்பர் நட்ட காலத்தில் மலேரியா அவர்களைக் கொத்துக் கொத்தாக வாரிச் சென்றது. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ, மரங்களை வெட்டியதால் வெயில் பட்ட ஓடைகளில் வேறு வகைக் கொசு பெருகியது. அங்கே நிலத்தடியில் குழாய் பதித்தார்கள், எண்ணெய் தெளித்தார்கள்.

நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்து கொயினா. அது எதிலிருந்து வந்தது தெரியுமா? தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து! அந்த மரம் பின்னர் நீலகிரியிலும் பயிராயிற்று. ஒரு பட்டையில் சத்து மிகுந்திருக்கும், மற்றொன்றில் குறைந்திருக்கும். 1820இல் பிரெஞ்சு மருந்தியலாளர் இருவர் அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தனர். அதன் பிறகே இன்னாருக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்க முடிந்தது. சீனாவிலும் பழைய மருத்துவ நூல் காட்டிய செடியை ஆராய்ந்து, 1972இல் து யூயூ அம்மையார் குழுவினர் மலேரியாவுக்கு மருந்து கண்டனர். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே மூலிகையை ஏளனம் செய்ய வேண்டாம். ஆனால், சோதித்து அளவு கண்ட பிறகே அது உயிர் காக்கும் மருந்தாயிற்று என்பதை மறக்கவும் வேண்டாம்.

தீபகற்ப மலேசியாவில் 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. குரங்கிலிருந்து தொற்றும் மலேரியா காட்டோரங்களில் இன்னும் உண்டு. ஆயினும் இன்று நம்மை அதிகம் வாட்டுவது டிங்கி. 2012இல் தமிழ்நாட்டு அரசு நிலவேம்புக் குடிநீரை ஆஸ்பத்திரிச் சிகிச்சையுடன் சேர்த்தே பரிந்துரைத்தது. அது டிங்கிக் கிருமியை ஒழிக்கும் என்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

தாய்மார்களே, காய்ச்சல் கண்டவுடன் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கஷாயம் கொடுப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் வேண்டாம், அது இரத்தக் கசிவை மிகுதியாக்கும். காய்ச்சல் இறங்கும் வேளையே ஆபத்தான வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், இவற்றுள் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

வாட்சன் காட்டிய வழி இன்றும் பொருந்தும். மங்கு, டின், பூச்சாடித் தட்டு எதிலும் நீர் தேங்க விடாதீர்கள்.