பருந்துகளை எண்ணிய கதை: வெள்ளாற்றுக் கழிமுகமும் வலசைக் கணக்கும்

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டைக்கும் அதன் தெற்கே விரியும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. உள்ளான்களோடு இரைகொல்லிப் பறவைகளும் வருகின்றன. விராலடிப்பான் கால்களை முன்னே நீட்டி நீரில் பாய்ந்து, பிடித்த மீனின் தலை முன்புறம் இருக்கும்படி திருப்பிப் பற்றிக்கொண்டு பறக்கும். சேற்றுப் பூனைப்பருந்து உமரி படர்ந்த உப்புச் சேற்றின் மேல் தாழப் பறந்தால் உள்ளான் கூட்டம் முழுவதும் ஒரேயடியாக எழும்பும்.

இரைகொல்லிப் பறவைகளை ஆண்டுதோறும் எண்ணும் வழக்கம் வேட்டையைத் தடுக்கும் முயற்சியோடு வளர்ந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மலைமுகட்டைக் கடக்கும் பருந்துகளை வேட்டைக்காரர்கள் இலையுதிர்காலந்தோறும் சுட்டுக் குவித்தனர். 1934இல் ரோசலி எட்ஜ் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையை நிறுத்தினார். காவலுக்கு வந்த மாரிஸ் பிரவுன் பறவைகளை எண்ணத் தொடங்கினார். ‘ஹாக் மவுண்டன்’ எனப்படும் அவ்விடத்தின் பதிவில் இளம் வெண்தலைக் கழுகுகள் அருகிவந்தது தெரிந்தது. டிடிடி பூச்சிக்கொல்லியின் கேட்டை விளக்க ரேச்சல் கார்சன் 1962இல் அந்தக் கணக்கையும் சான்றாகக் காட்டினார்.

தமிழகக் கடற்கரையில் வலசை ஆய்வு வளையமிடலால் வளர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் சாலிம் அலியின் தலைமையில் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டிப் பறக்கவிட்டது. அந்தப் பணி பெரும்பாலும் நீர்ப்பறவைகளைச் சார்ந்தது. 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், நீர்நிலைகளை நம்பி வாழும் விராலடிப்பான், சேற்றுப் பூனைப்பருந்து போன்றவையும் பதிவாகின்றன.

சோழமண்டலக் கரை சமவெளி. மலைமுகட்டை ஒட்டிப் பருந்துகள் திரண்டு செல்வதுபோல் இங்கே காண முடியாது. அவை வயலிலும் கழிமுகத்திலும் பரவிவிடுகின்றன. எனவே அடையும் இடத்தில் எண்ணுவதே பூனைப்பருந்துகளுக்கு ஏற்ற முறை. அவை புல்வெளித் தரையில் கூட்டமாக இரவு தங்கும். பொழுது சாயும் வேளையில் புல்வெளியைச் சுற்றிப் பலர் நின்று, உள்ளே இறங்கும் பறவைகளைத் திசை பிரித்துக் கணக்கிடுவர். ஒரே பறவை இருமுறை எண்ணப்படாமல் பார்ப்பதுதான் இதில் கடினம். பெங்களூரைச் சேர்ந்த ‘ஏட்ரீ’ ஆய்வு நிறுவனத்தினர் திருநெல்வேலிப் பகுதியிலும் பூனைப்பருந்துகளை இவ்வாறு கவனித்து வந்துள்ளனர். வெட்டுக்கிளிகளை உண்ணும் இப்பறவைகளுக்குப் புல்வெளி அழிவும் பூச்சிக்கொல்லியும் பெரும் கேடு.

தொடர்ந்து எண்ணாவிட்டால் அழிவு கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு இந்தியப் பாறுக் கழுகுகளே சான்று. பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் எடுத்த கணக்கோடு 1990களின் எண்ணிக்கையை ஒப்பிட்டபோதே வீழ்ச்சி தெளிவானது. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்டு, அவற்றின் சடலங்கள் வழியே பாறுகளை எட்டிய டைக்ளோஃபெனாக் மருந்தே காரணம் என்று பின்னர் நிறுவப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது.

பிச்சாவரம் 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் நெடுங்காலமாக இயங்குகிறது. ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே மாதங்களில், அதே முறையில் எண்ணிப் பதிந்தால்தான் இக்கழிமுகத்துப் பருந்துகள் பெருகுகின்றனவா அருகுகின்றனவா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.