இருங்க, இன்னும் முடியலை! டிவியில் பொருள் விற்ற கதை



போன மாதம் நம் குடியிருப்பில் பழைய பொருள் சேகரிப்பு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிளப் ஹவுஸ் வாசலில் வந்து குவிந்ததை வகை பிரிக்கும் வேலை எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும். பழுதான மிக்சி, செட்-டாப் பாக்ஸ், சார்ஜர் ஒயர் எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராமல் வந்தவை வேறு. இடுப்பில் கட்டினால் தொப்பை கரையும் என்று விற்ற வியர்வை பெல்ட் மூன்று. ஏகப்பட்ட பிளேடுகளோடு வந்து, ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தொலைத்த காய் நறுக்கும் பெட்டிகள் ஐந்து. துணி காயப்போட மட்டுமே பயன்பட்ட வயிற்றுப் பயிற்சி மெஷின் ஒன்று. இவற்றைக் கொண்டு வந்தவர்களில் ஒருவர்கூட "நான் வாங்கினது" என்று சொல்லவில்லை. எல்லாமே "யாரோ கிஃப்ட் கொடுத்தது" தானாம்!

நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். இந்தப் பொருட்கள் எங்கிருந்து கிளம்பி நம் பரண் வரை வந்தன? தேடிப் படித்ததில் கிடைத்த கதை சுவையாக இருந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சந்தையிலிருந்து ஸ்டுடியோவுக்கு

பொருட்காட்சிகளில் ஒருவர் மைக்கை மாட்டிக்கொண்டு, முள்ளங்கியைப் பூவாகவும் கேரட்டைச் சுருளாகவும் சீவிக் காட்டுவாரே, பார்த்திருப்பீர்கள். டிவி விற்பனையின் மூதாதையர் அவரைப் போன்றவர்தான். அமெரிக்காவில் இந்தக் கலை சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் பெரிய கடைகளின் மூலைகளிலும் வளர்ந்தது.

அது டிவிக்குள் நுழைந்த வருடமாகப் பலரும் சொல்வது 1949. வைட்டமிக்ஸ் கம்பெனியின் பார்னார்ட், கிளீவ்லேண்ட் நகர டிவியில் அரை மணி நேரம் நின்று தன் மிக்சியை ஓட்டிக் காட்டினார். ஆக, உலகின் முதல் நீள விளம்பரங்களில் ஒன்றின் கதாநாயகி ஒரு மிக்சி!

ஆனால் இந்தத் தொழிலின் சூப்பர் ஸ்டார் ரான் பொபீல். 1935-ல் பிறந்தவர். சிகாகோவின் மேக்ஸ்வெல் தெரு சந்தையில் பதின்ம வயதிலேயே கூவி விற்கத் தொடங்கியவர். அப்பா சாமுவேல் சமையலறைச் சாமான்களைக் கண்டுபிடிப்பார், மகன் விற்பார். 1960-களில் 'வெஜ்-ஓ-மேட்டிக்' என்ற காய் நறுக்கி வந்தபோது ஒரு சிக்கல். நாள் முழுக்க நறுக்கிக் காட்ட மூட்டை மூட்டையாகக் காய் தேவைப்பட்டது. ஒருமுறை நறுக்கிப் படம் எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். படம் எடுத்தாகிவிட்டது, அதை டிவியில் போட்டால் என்ன என்பது அடுத்த யோசனை. காய் செலவை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு தொழிலே பிறந்துவிட்டது என்று சொல்வார்கள்.

பொபீல் அதோடு நிற்கவில்லை. சட்டைப் பையில் அடங்கும் மீன் தூண்டில் விற்றார். முட்டையை உடைக்காமலே ஓட்டுக்குள் ஊசியை விட்டு மஞ்சளையும் வெள்ளையையும் கலக்கும் கருவி விற்றார். வழுக்கைத் தலையில் அடித்தால் முடி மாதிரித் தெரியும் ஸ்ப்ரே டப்பா விற்றார்! 1998-ல் வந்த அவருடைய கோழி வாட்டும் அடுப்பு வீடு வீடாக நுழைந்தது.

112 டப்பா திறப்பான்கள்

இன்னொரு கிளைக்கதை 1977-ல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் நடந்தது. ஒரு சின்ன ரேடியோ நிலையத்துக்கு விளம்பரதாரர் ஒருவர் பணம் பாக்கி. கையில் காசு இல்லை என்று, பச்சை நிறத்தில் 112 மின்சார டப்பா திறப்பான்களைக் கொடுத்துக் கணக்கை முடித்தார். ரேடியோக்காரர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அறிவிப்பாளரிடம் கொடுத்து, ஒன்று 9.95 டாலர் என்று நேரலையில் விற்கச் சொன்னார்கள். அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. அந்த அனுபவத்தில் முளைத்ததுதான் 1982-ல் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் பரவிய ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க்.

அடுத்த வருடம், 1978-ல், ஜின்சு கத்தி வந்தது. பெயரைக் கேட்டால் ஜப்பானிய சாமுராய் பட்டறையில் அடித்ததுபோல இருக்கும். உண்மையில் அது ஒஹையோ மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் தயாரான கத்தி. 'ஜின்சு' என்பது விற்பனைக்காக இட்டுக்கட்டிய சொல். விளம்பரத்தில் அந்தக் கத்தி தகர டப்பாவை அறுக்கும். அடுத்த நொடி தக்காளியை மெல்லிசாகச் சீவும். யோசித்துப் பாருங்கள், நம் வீட்டில் யாருக்காவது தகர டப்பாவையும் தக்காளியையும் ஒரே கத்தியால் அறுக்க வேண்டி வந்திருக்கிறதா? ஆனாலும் பார்க்கிறவர் வாய் பிளப்பார். அப்போது குரல் ஒலிக்கும்: "இருங்க, இன்னும் முடியலை!" கூடவே இன்னொரு கத்தி, இன்னொரு செட், இன்னொரு இலவசம்.

1984-ல் அமெரிக்க அரசின் ஒளிபரப்பு ஆணையம், டிவியில் எவ்வளவு நேரம் விளம்பரம் வரலாம் என்ற கட்டுப்பாட்டை நீக்கியது. நள்ளிரவுக்கு மேல் சும்மா கிடந்த நேரத்தை நிலையங்கள் மலிவாக விற்றன. அரை மணி நேர விளம்பரம் அங்கே குடியேறியது. அந்த நேரத்தில் விழித்திருப்பவர் யார்? தூக்கம் வராதவர், உடம்பு முடியாதவர், பேச ஆள் இல்லாதவர்.

வேடிக்கை ஊர்வலம்

இப்படி வந்தவற்றைப் பட்டியலிட்டால் பக்கம் போதாது. கைதட்டினால் விளக்கு அணையும் சுவிட்ச் வந்தது. மண் பொம்மையின் மேல் விதையைத் தடவித் தண்ணீர் ஊற்றினால் பச்சை முடி முளைக்கும் 'சியா பெட்' வந்தது. ஆம், இன்று நாம் டயட்டுக்காக ஊறவைத்துக் குடிக்கிறோமே, அதே சியா விதை!

வாக்குவம் கிளீனரில் மாட்டி, முடியை உறிஞ்சி இழுத்து வெட்டும் 'ஃபுளோபீ' வந்தது. தலையில் ஒட்டிய மரத்தூளை வாக்குவம் கிளீனரால் எடுத்த ஒரு தச்சருக்கு உதித்த யோசனை அது. சிரிக்கலாம். ஆனால் 2020-ல் ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனி, பல வருடங்களாகத் தன் முடியை ஃபுளோபீயால்தான் வெட்டிக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு மேல் நாம் என்ன சொல்ல!

கிண்டலும் கூடவே வளர்ந்தது. 1976-ல் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில், முழு மீனை மிக்சியில் போட்டு அரைக்கும் 'பாஸ்-ஓ-மேட்டிக்' என்று பொபீலைப் பகடி செய்தார்கள். 1993-ல் அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் வேலைகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு அது. வெஜ்-ஓ-மேட்டிக்கோ, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பிலேயே இடம் பிடித்துவிட்டது.

சூத்திரம் மூன்று

இத்தனை விளம்பரங்களையும் உற்றுப் பார்த்தால் சூத்திரம் ஒன்றுதான்.

முதலில் உங்களுக்கு ஒரு கஷ்டம் இருப்பதாக நம்ப வைப்பார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பெண்மணி வெங்காயம் நறுக்கத் தெரியாமல் விரலை வெட்டிக்கொள்வார், பாத்திரத்தைக் கொட்டுவார், தலையில் கை வைத்துக்கொள்வார். பொருள் வந்ததும் படம் கலராகும், அவரும் சிரிப்பார்.

இரண்டாவது, விலையை மேலே ஏற்றிக் கீழே இறக்குவது. பொபீலின் அடுப்பு 400 டாலரில் ஆரம்பித்து, படிப்படியாக இறங்கி, "39.95 டாலர் வீதம் நான்கே தவணை" என்று நிற்கும். கூட்டினால் 159.80. ஆனால் காதில் நிற்பது 39.95 மட்டும்தான்.

மூன்றாவது கடிகாரம். "அடுத்த பத்து நிமிடத்தில் அழைப்பவர்களுக்கு மட்டும்." யோசிக்க நேரம் கொடுத்தால் யார் வாங்குவார்கள்?

சிரிப்பு நிற்கும் இடம்

காய் நறுக்கியால் போவது சில நூறு ரூபாய். உடம்பையும் பயத்தையும் வைத்து விற்கும்போது விஷயம் வேறு. உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றுத் தசை வரும் என்று விற்ற மின் அதிர்வு பெல்ட்டுகள் மீது 2002-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. கெவின் ட்ரூடோ என்பவர் தன் எடை குறைப்புப் புத்தகத்தில் உள்ளதைப் பற்றி டிவி விளம்பரங்களில் பொய் சொன்னார். நீதிமன்ற உத்தரவை மீறிய குற்றத்துக்காக அவருக்கு 2014-ல் 10 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது.

நம் நாட்டுக்கு இந்த வியாபாரம் 1990-களில் கேபிளோடு வந்தது. வெள்ளைக்காரர் வாயை மூடி இரண்டு நொடி கழித்து "அட! என்னால் நம்பவே முடியவில்லை!" என்று தமிழ் வருமே, அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். 2008-ல் 24 மணி நேரமும் விற்கும் ஹோம் ஷாப் 18 சேனல் வந்தது. பிறகு வீட்டுக் கஷ்டம் தீர்க்கும் யந்திரங்களும் வந்தன. தெய்வீக சக்தி இருப்பதாகச் சொல்லி ஹனுமான் சாலிசா யந்திரம் போன்றவற்றை டிவியில் விளம்பரம் செய்வது சட்டவிரோதம் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தின் 2013-ஆம் வருட மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் அதற்கு அடிப்படை.

எங்கள் வீட்டுக் கட்டிலடியில்

இனி என் சொந்தக் கதை. அம்மா போன பிறகு அப்பா தனியாக ஹாலில் படுப்பார். டிவி இரவெல்லாம் ஓடும். ஒருநாள் மூட்டுவலி பெல்ட் ஒன்று கூரியரில் வந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம். கட்டிய அன்றே பட்டை பிய்ந்தது. சாப்பாட்டு மேஜையில் நானும் பிள்ளைகளும் அந்த விளம்பரக் குரலில் பேசிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

ஆறு மாதம் கழித்துக் கட்டிலடியைச் சுத்தம் செய்தபோது இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தன. கூடவே ஒரு காகிதத்தில், பரிசு விழுந்திருப்பதாகப் போனில் சொன்ன யாருக்கோ "வரி"க்காக அவர் அனுப்பிய 18,000 ரூபாய்க் கணக்கு. பொருள் வாங்கியவர்களின் நம்பர் கைமாறி அப்படி அழைப்பு வந்ததோ என்னவோ. "ஏம்பா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா சிரிப்பீங்களேப்பா" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் ஒரு விளம்பரம் வந்தது. குளியலறையில் விழுந்த பாட்டி, கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தி, "நான் விழுந்துட்டேன், எழுந்திருக்க முடியலை" என்பார். நடிப்பு கொஞ்சம் மோசம்தான். நாடே அதைச் சொல்லிச் சிரித்தது, டி-ஷர்ட்டில்கூட அச்சடித்தார்கள். ஆனால் அந்தப் பொருள் என்ன? தனியாக இருக்கும் முதியவர் விழுந்தால் உதவிக்கு ஆள் அழைக்கும் கருவி. நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டில் அப்படி ஒரு பொத்தான் வைக்கலாமா என்று இன்று நாமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள். வாங்கிவிட்டவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் ஏமாந்ததை நம்மிடம் சொல்லும் தைரியம் அவருக்கு வேண்டும். சொன்னால் வழியும் இருக்கிறது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் டெலிஷாப்பிங்கில் வாங்குபவரையும் நுகர்வோர் என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். வாங்குவதற்கு முன் ஓர் இரவு தள்ளிப் போட்டால் இன்னும் நல்லது. அந்த "பத்து நிமிடச் சலுகை" மறுநாளும் வரும், பயப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சேகரிப்பு முடிந்து நாங்கள் கிளம்பும்போது சி பிளாக் பாட்டி ஒருவர் மேஜை அருகே வந்து, ஒரு காய் நறுக்கும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டு வலியால் கத்தி பிடிக்க முடியவில்லையாம். "இதை அழுத்தினா நறுக்குமா?" என்று கேட்டார்.

"நறுக்கும் பாட்டி, ஆனா ஒரு பிளேடுதான் இருக்கு. மத்ததெல்லாம் காணோம்" என்றேன்.

"எனக்கு ஒண்ணு போதும்ப்பா" என்று எடுத்துக்கொண்டு போனார். போன வாரம் லிஃப்ட்டில் பார்த்தேன். பீன்ஸ் நன்றாக நறுக்குகிறதாம்.