பள்ளி எல்லைக் கோடு மாறும்போது: பெற்றோர் எப்போது, எப்படிப் பேச வேண்டும்?

அமெரிக்காவில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு குடியேறும் நம்மவர்கள் வீடு பார்க்கும்போது முதலில் விசாரிப்பது, "இந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி வரும்?" என்பதைத்தான். அங்கு அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் முகவரிதான் பிள்ளையின் பள்ளியைத் தீர்மானிக்கிறது. பள்ளியும் பள்ளிவாசலும் பக்கத்திலேயே இருக்கும்படி பார்த்துப் பார்த்து வீடு எடுத்த பிறகு, உங்கள் பகுதி வேறு பள்ளிக்கு மாற்றப்படலாம் என்று ஒருநாள் அறிவிப்பு வருகிறது. அப்போது என்ன செய்வது? அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

இரண்டு வகை எல்லைகள்

ஒன்று, பள்ளி மாவட்டத்தின் எல்லை. நிர்வாகமும் வரிப் பணமும் இதன்படிதான் பிரிகின்றன. இதை மாற்ற மாநிலச் சட்டத்தின் வழியே செல்ல வேண்டும். மற்றொன்று, மாவட்டத்துக்குள் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கும் சேர்க்கை எல்லை. இதைப் பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி வாரியம் வாக்கெடுப்பில் முடிவு செய்கிறது. பெற்றோரின் குரல் அதிகம் எடுபடுவது இந்த இரண்டாவது எல்லையில்தான்.

கோட்டை ஏன் மாற்றுகிறார்கள்?

ஒரு பள்ளி நிரம்பி வழிய, அடுத்த பள்ளியில் இடம் காலியாகக் கிடக்கும். புதிய பள்ளி திறக்கப்படும். சில இடங்களில், ஏழைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பள்ளியில் குவிந்துவிடாமல் இருக்கவும் கோடு மாற்றப்படுகிறது.

இதன் பின்னே நீண்ட வரலாறு உண்டு. நிறத்தின் பேரில் பள்ளிகளைப் பிரிப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் குடியிருப்புகள் பிரிந்தே இருந்ததால் பள்ளிகளும் பிரிந்தே இருந்தன. 2007இல் சியாட்டில், லூயிவில் நகரங்களின் வழக்கில், தனி மாணவரின் இனத்தை வைத்துப் பள்ளி ஒதுக்கும் முறையை அதே நீதிமன்றம் தடுத்தது. அதன் பிறகு பல மாவட்டங்கள் குடும்ப வருமானத்தை அளவுகோலாகப் பார்க்கின்றன. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறும் மாணவர் எத்தனை பேர் என்பதே அதற்கான கணக்கு.

ஹாவர்ட் கவுன்ட்டி: 2019

மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் இடையே உள்ளது ஹாவர்ட் கவுன்ட்டி. இங்குள்ள கொலம்பியா, எல்லா இனத்தவரும் எல்லா வருமானத்தவரும் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நோக்கத்தோடு 1967இல் உருவாக்கப்பட்ட ஊர். 2019 ஆகஸ்டில் பள்ளிகளின் கண்காணிப்பாளர் மைக்கேல் மார்ட்டிரானோ ஒரு திட்டத்தை முன்வைத்தார். சுமார் 7,400 மாணவர்கள் பள்ளி மாற வேண்டும் என்றது அத்திட்டம். நெரிசலைக் குறைப்பதும், ஏழைப் பிள்ளைகள் சில பள்ளிகளில் மட்டும் குவிவதைத் தவிர்ப்பதும் அதன் நோக்கங்கள்.

ஊரே இரண்டுபட்டது. பேரணிகள் நடந்தன. கருத்துக் கேட்புக் கூட்டங்களில் பேசப் பெற்றோர் திரண்டனர். தூரம், பேருந்து நேரம், நண்பர்களைப் பிரிவது, வீட்டு மதிப்பு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. நவம்பரில் வாரியம் திட்டத்தைத் திருத்தி நிறைவேற்றியது. 5,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி மாறினர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது கால வரிசை. ஜூனில் ஆய்வறிக்கை, கோடையில் குடிமக்கள் குழுவின் பரிசீலனை, ஆகஸ்டில் திட்டம், நவம்பரில் வாக்கெடுப்பு. பலர் விழித்துக்கொண்டது ஆகஸ்டுக்குப் பிறகு. அதற்குள் வரைபடத்தின் அடிப்படை வடிவம் உருவாகிவிட்டது.

கூட்டத்துக்கு வராதவர்கள்

மைக் முன் நிற்பவர்கள் மட்டுமே சமூகம் அல்ல. இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர், வாடகை வீட்டில் இருப்பவர், ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் தாய் ஆகியோர் கூட்டத்துக்கு வருவது அரிது. ஆனால் கோடு மாறினால் இவர்களின் பிள்ளைகளும் பள்ளி மாறுவார்கள்.

நியூயார்க்கின் புரூக்ளினில், 15ஆம் பள்ளி மாவட்டம் வேறு வழியில் சென்றது. அங்கு பிரச்சினை எல்லைக் கோடு அல்ல, நடுநிலைப் பள்ளிகளின் சேர்க்கை முறை. முடிவை எழுதி வைத்துவிட்டுக் கருத்துக் கேட்காமல், பெற்றோரும் ஆசிரியர்களும் அடங்கிய பணிக்குழு பொதுப் பட்டறைகள் நடத்தித் திட்டத்தை உருவாக்கியது. 2018 செப்டம்பரில் நகர நிர்வாகம் அதை ஏற்றது. மதிப்பெண் வடிகட்டல் நீங்கி, குலுக்கல் வந்தது. ஏழைக் குடும்பத்தினர், ஆங்கிலம் கற்கும் மாணவர், நிலையான வீடற்றோர் ஆகியோருக்கு 52 சதவீத இடங்களில் முன்னுரிமை கிடைத்தது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

• ஆய்வறிக்கை வெளியாகும் நாளிலேயே படியுங்கள். ஹாவர்டில் வீடுகள் எண்ணிட்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இப்படி எண் இருக்கும் இடங்களில் உங்கள் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

• வாரியத்தின் அளவுகோலிலேயே பேசுங்கள். ஹாவர்டின் கொள்கைப்படி ஒரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கை அதன் கொள்ளளவில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். "எங்களுக்கு வேண்டாம்" என்பதைவிட, "இந்தத் தெருக்களை இப்படிச் சேர்த்தால் கணக்கும் சரியாகும், பிள்ளைகளும் நடந்தே போகலாம்" என்பது எடுபடும்.

• கடைசி ஓரிரு ஆண்டுகளில் படிக்கும் மாணவர்களுக்கு விலக்கு உண்டா என்று கேளுங்கள்.

• மொழிபெயர்ப்பு கேளுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் பள்ளி மாவட்டங்கள், ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு முக்கியத் தகவல்களைப் புரியும் மொழியில் தரக் கடமைப்பட்டவை. இது உரிமை, சலுகை அல்ல.

• வர முடியாத அண்டை வீட்டாரின் கருத்தையும் எழுதி வாங்கிக் கொண்டு செல்லுங்கள். அவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் சரி.

மஹல்லாவில் மஷூரா நடக்கும்போது, வராத வீட்டின் நிலைமையையும் யாராவது ஒருவர் எடுத்துச் சொல்வது நமக்குப் பழக்கமானதுதான். அதே பழக்கத்தைப் பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் கொண்டு செல்வோம். நம் பிள்ளைக்காக மட்டும் பேசினால் நாம் பலரில் ஒரு புகார்தாரர். பக்கத்துத் தெருப் பிள்ளைக்காகவும் சேர்த்துப் பேசினால், வாரியம் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஊர்க்காரர்.