வெள்ளி அயனி (எத்திலீன் சமிக்ஞைத் தடுப்பான்)

காய் பழுப்பது, இலை உதிர்வது, பூ வாடுவது ஆகியவற்றை முடுக்கும் எத்திலீன் வாயுவின் சமிக்ஞையைச் செடிக்குள் மறிக்க ஆய்வகங்கள் நெடுநாளாகக் கையாளும் பொருள் வெள்ளி அயனி. இருட்டில் முளைத்த பட்டாணி நாற்று எத்திலீன் பட்டால் குட்டையாகி, தடித்து, பக்கவாட்டில் வளர்கிறது என்பதை 1901-இல் ரஷ்யாவின் நெல்யுபோவ் வெளியிட்டிருந்தார். 1976-இல் டூபாண்ட் நிறுவனத்தின் எல்மோ பேயர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைத் தெளித்தபோது, எத்திலீன் சூழ்ந்திருந்தும் பட்டாணி அந்த மாற்றங்களைக் காட்டவில்லை. பருத்தியில் இலை உதிர்வும் ஆர்க்கிட் பூவின் வாட்டமும் தடைப்பட்டன. அதுவரை கைவசமிருந்த தடுப்பானான கரியமில வாயு, எத்திலீனின் அளவு கூடியதும் பயனற்றுப்போகும். இரண்டாண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெள்ளியைத் தயோசல்பேட்டுடன் சேர்த்தார்கள். நைட்ரேட்டாகத் தந்தால் தண்டில் அதிகம் நகராத வெள்ளி, இந்தக் கலவையில் பூ வரை எளிதில் ஏறியது. கார்னேஷன் வணிகம் அதை உடனே பற்றிக்கொண்டது.

ஆனால் வெள்ளி எப்படி வேலை செய்கிறது என்பது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊகமாகவே இருந்தது. எத்திலீன் ஏற்பியில் ஓர் உலோகம் இருக்க வேண்டும் என்ற கருத்து 1967 முதலே உண்டு. அராபிடாப்சிஸ் செடியில் எத்திலீன் ஏற்பிக்குரிய ஈடிஆர்1 மரபணு 1993-இல் பிரித்தெடுக்கப்பட்டு, 1999-இல் அதன் புரதம் செம்பு அயனியைக் கொண்டே எத்திலீனைப் பிடிக்கிறது என்று தெரிந்தபின்தான் அந்தக் கருத்து உறுதியானது. வெள்ளி செம்பின் இடத்தில் அமரக்கூடியது. அதனால் எத்திலீனுக்கு இடமின்றிப் போகிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. வெள்ளி அமர்ந்த ஏற்பியும் எத்திலீனைப் பிடிக்கிறது. இந்த ஏற்பி எத்திலீன் இல்லாதபோது செடியின் எதிர்வினையை அடக்கிவைப்பது. எத்திலீன் சேர்ந்தால் அந்த அடக்கம் தளர வேண்டும். வெள்ளி இருந்தால் தளர்வதில்லை. ஆகவே பேயரின் சோதனை விளைவை மட்டுமே காட்டியது. காரணத்தை மரபியலும் புரத ஆய்வுமே தந்தன. தடுப்பான் எவ்வளவு வலியது என்பதைக்கொண்டு அதன் சாட்சியத்தை எடைபோட முடியாது.

இதற்கு வலுவான சான்று 2009-இல் வந்தது. எத்திலீன் எதிர்வினைக்குத் தொடர்பின்றியே, வேர் வளர்ச்சியையும் ஆளும் ஹார்மோனான ஆக்சின் உயிரணுவிலிருந்து வெளியேறுவதை வெள்ளி மிகுவிக்கிறது என்று அராபிடாப்சிஸில் கண்டார்கள். வெள்ளியை மட்டும் நம்பி வேர் வளர்ச்சியில் எத்திலீனின் பங்கைக் கணித்த முடிவுகள் இதனால் ஐயத்துக்குரியவை. அப்படியானால் வெள்ளியைக் கைவிடலாமே என்பார்கள். எத்திலீன் உற்பத்தியை நிறுத்தும் ஏவிஜி மாற்றாகுமா? அது ஆக்சின் உற்பத்தியையும் தொடுகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிஸ்லரும் பிளாங்கன்ஷிப்பும் கண்ட 1-மீதைல்சைக்ளோபுரொப்பீன், ஏற்பியில் எத்திலீனைவிட இறுக்கமாக ஒட்டுவது. சந்தையில் ஆப்பிளைக் காப்பதும் அதுவே. ஆனால் அது வாயு, மூடிய கலம் வேண்டும். வெள்ளியை அகார் ஊடகத்தில் கலந்தால் போதும். எத்திலீனுக்கு மசியாத சடுதிமாற்றச் செடிகள் எல்லா இனத்திலும் கிடைப்பதில்லை. அங்கே வெள்ளிக்கு இன்னும் வேலை இருக்கிறது. பெண்பூ மட்டுமே பூக்கும் வெள்ளரி வகையில் ஆண்பூ வரவழைத்து விதையெடுக்கப் பயிர்ப்பெருக்கக்காரர்கள் இன்றும் அதைத் தெளிக்கிறார்கள். அங்கே விளைவே நோக்கம் என்பதால் இந்த ஐயம் குறுக்கிடுவதில்லை. ஆய்வு முடிவுக்கோ, ஏற்பியில் வேறு வழியாகச் செயல்படும் இன்னொரு தடுப்பானோ சடுதிமாற்றச் செடியோ அதே விடையைத் தந்தாக வேண்டும்.