பிளாப் தேர்வு: பிரிட்டனில் டாக்டராக என்னென்ன தயாரிப்பு தேவை?

எம்.பி.பி.எஸ் முடித்து, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடிந்த கையோடு, 'யு.கே போயிடலாமா?' என்ற யோசனை பலருக்கும் வரும். அதற்கான முக்கிய வழி, பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் நடத்தும் பிளாப் தேர்வு.

முதலில் ஆங்கிலம்: ஐ.இ.எல்.டி.எஸ் அகாடமிக் தேர்வில் மொத்தம் 7.5, நான்கு பிரிவுகளிலும் தலா 7 எடுக்கணும். அல்லது டாக்டர்களுக்கான ஓ.இ.டி தேர்வில் நான்கிலும் 'பி' கிரேடு.

பிளாப் 1: 3 மணி நேரம், 180 கேள்விகள். நிமிடத்துக்கு ஒன்று! தவறான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது. அதனால், எதையும் காலியாக விடாதீங்க. பிரிட்டனின் 'நைஸ்' சிகிச்சை வழிகாட்டுதல்களையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

பிளாப் 2: மான்செஸ்டரில் மட்டும்தான். பிளாப் 1 பாஸான 2 வருடங்களுக்குள் எழுதணும். 16 சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம். பலவற்றில் நோயாளியாக நடிகர்கள் இருப்பார்கள். 'மாத்திரை எழுதியிருக்கேன், போயிட்டு வாங்க' என்ற ஓ.பி அவசரம் அங்கே எடுபடாது. பயத்தைக் கேட்கணும், புரியும்படி சொல்லணும். நண்பரை நோயாளியாக உட்கார வைத்து, டைமர் போட்டுப் பேசிப் பழகுங்க.

கடைசியாக ஒன்று. பிளாப் தருவது பதிவுக்கான தகுதியைத்தான், வேலையை அல்ல. அங்கே ஜூனியர் டாக்டர் இடங்களுக்கு இப்போது கடும் போட்டி. தேர்வுக் கட்டணம், விசா, விமானம், தங்கும் செலவோடு, வேலைக்காகக் காத்திருக்கும் மாதங்களையும் கணக்குப் போட்ட பிறகே கடன் வாங்குங்க.