நேப்பிள்ஸ் விரிகுடாவும் நம் ஊர் வெள்ளிக் காசும்

போன அக்டோபரில் நானும் என் மனைவியும் மத்தியதரைக் கடலில் ஏழு இரவு கப்பலில் சுற்றி வந்தோம். கேள்விப்பட்ட நண்பர்கள் "எழுதுங்க வாத்தியாரே" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கப்பலில் எத்தனை மாடி, எத்தனை நீச்சல் குளம் என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: தயிர் சாதம் கிடைத்தது, நாரத்தங்காய் ஊறுகாய் நாங்கள் கொண்டுபோனது. நான் எழுத நினைப்பது ஒரே ஒரு துறைமுகத்தைப் பற்றி. முப்பத்தாறு வருடம் ராசிபுரம் பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தியவனுக்கு, அந்த ஒரு பகலுக்காகவே போன செலவு தகும்.

ரோமாபுரிக்குப் பக்கத்திலுள்ள துறைமுகத்திலிருந்து இரவு புறப்பட்ட கப்பல், விடியற்காலையில் நேப்பிள்ஸ் விரிகுடாவுக்குள் நுழைந்தது. எதிரே வெசுவியஸ் எரிமலை. வலது பக்கம் காப்ரித் தீவு. இடது பக்கம் கரையோரமாகத் தெரியும் ஊருக்கு இன்று பொட்ஸுவோலி என்று பெயர். பழைய பெயர் புட்டியோலி. எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து வரும் கப்பல்கள் அந்தக் காலத்தில் இங்கேதான் வந்து நிற்கும். எகிப்துக் கோதுமையோடு நம் மிளகும் முத்தும் கல்லும் இத்தாலி மண்ணில் இறங்கிய துறை இது. மேல்தளத்தில் எல்லோரும் வெசுவியஸைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இந்த விரிகுடாவில் ஓய்வாகக் கப்பலில் சுற்றியவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் அகஸ்டஸ் பேரரசர். கி.பி. 14, கோடைக்காலம். அவருக்கு 75 வயது. வயிற்றுக் கோளாறோடு கம்பேனியாக் கரையையும் சுற்றியுள்ள தீவுகளையும் மெதுவாகச் சுற்றி வந்தார். காப்ரியில் நான்கு நாள் தங்கினார். புட்டியோலியைக் கடந்து போகும்போது, அலெக்சாந்திரியாவிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற ஒரு கப்பலின் பயணிகளும் மாலுமிகளும் வெள்ளை உடுத்தி, மாலை சூடி, சாம்பிராணி புகைத்து அவரை வாழ்த்தினார்களாம். உங்களால்தான் நாங்கள் அச்சமில்லாமல் கடலில் போகிறோம், பிழைக்கிறோம் என்றார்களாம். மனம் குளிர்ந்துபோன கிழவர், உடன் வந்தவர்களுக்கு ஆளுக்கு 40 பொற்காசு கொடுத்து, இதை அலெக்சாந்திரியாச் சரக்கு வாங்க மட்டுமே செலவு செய்ய வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சூட்டோனியஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. அலெக்சாந்திரியாச் சரக்கு என்றால் அதில் பாதி கிழக்கிலிருந்து போனது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அந்த ஆகஸ்டு 19 அன்று பக்கத்து ஊரான நோலாவில் அவர் இறந்தார். அருகில் மனைவி லிவியா இருந்தாள். ஐம்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள்.

லிவியாவை நான் விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. அடுத்துப் பட்டத்துக்கு வந்த டைபீரியஸ் அவளுடைய முதல் கணவனுக்குப் பிறந்த மகன். அவன் அடித்த வெள்ளி டினாரியஸ் காசில் ஒரு பக்கம் அவன் தலை. மறு பக்கம் ஆசனத்தில் அமர்ந்த ஒரு பெண். அவள் லிவியாதான் என்று பலர் கருதுகிறார்கள். சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள் என்று இயேசு காட்டிய காசு இதுதான் என்றும் சொல்வதுண்டு. நம் கொங்கு நாட்டில் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகளில் மிகுதியானது இந்தக் காசே. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் கிடைத்த குவியலில் ஐந்நூறுக்கு மேல் வெள்ளிக் காசுகள். பெரும்பாலும் டைபீரியஸும் அகஸ்டஸும். அதே ஊரில் பிறகும் கிடைத்தது. சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியிலும் ரோமானிய வெள்ளி கிடைத்திருக்கிறது. கரூர் அமராவதி ஆற்று மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏன் இந்த இரண்டு பேர் காசு மட்டும் இவ்வளவு? கி.பி. 64இல் நீரோ மன்னன் டினாரியஸின் எடையையும் குறைத்தான், வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். நம் ஊர் வியாபாரிக்கு ராஜா முகம் முக்கியமில்லை, உரைகல்தான் முக்கியம். பழைய காசாகவே கொடு என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இங்கிருந்து என்ன போனது? காங்கேயம் பக்கம் படியூரில் வெட்டியெடுத்த பச்சைநிறப் படிகக்கல், அதாவது பெரில். அதை அறுத்து, துளையிட்டு, மணியாக்கிய ஊர் சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணிகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் கிடைத்தன. சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்கு இறங்கும். பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் கிடைப்பது அரிது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினியே ஒப்புக்கொள்கிறார்.

நம் இரும்பும் ரோமாபுரிக்குப் போனது என்று மேடைகளில் முழங்குகிறார்கள். பிளினி சிறந்த இரும்பு 'சேரெஸ்' நாட்டிலிருந்து வருகிறது என்று எழுதியதைச் சேரர் என்று படிக்கிறவர்கள் உண்டு. சேரெஸ் என்று அவர்கள் பட்டு வரும் நாட்டைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். சேலத்துக்காரனான எனக்கே அந்த வாதம் தொண்டைக்குள் இறங்கவில்லை. மேட்டூர் பக்கம் மாங்காடு, தெலுங்கனூரில் கிடைத்த இரும்பின் பழமை தானாகவே நிற்கும். அதற்கு ரோமாபுரிச் சான்றிதழ் வேண்டாம்.

நேப்பிள்ஸில் கப்பல் எட்டு மணி நேரம் நின்றது. மற்றவர்கள் பாம்பேய் நகர இடிபாடுகளுக்குப் பேருந்து ஏறினார்கள். என் மனைவிக்கு முழங்கால் வலி. கல் பாவிய தெருவில் நடக்க முடியாது. டாக்ஸி பிடித்து அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே 'ரகசிய அறை' என்று ஒரு பகுதி. பாம்பேயில் கிடைத்த கொச்சையான ஓவியங்களையும் பொம்மைகளையும் நூறு வருடத்துக்கு மேல் பூட்டியே வைத்திருந்தார்கள். 2000இல்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனதும் என் மனைவி முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். "ஏனுங்க, இதைப் பாக்கவா இத்தனை தூரம் கூட்டியாந்தீங்க?"

"பொறு அம்மிணி, இங்கே நம்ம ஊர்ப்பக்கத்துக்காரி ஒருத்தி இருக்கிறாள்" என்றேன்.

ஒரு ஜாணுக்குச் சற்று மேல் உயரமுள்ள யானைத் தந்தப் பதுமை அது. 1938இல் பாம்பேயின் ஒரு வீட்டில் அமேடியோ மையூரி என்ற ஆய்வாளர் கண்டெடுத்தார். 'பாம்பேய் லட்சுமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லட்சுமியாக இருக்க வாய்ப்பில்லை, யட்சி என்பதே பொருத்தம். இரண்டு பக்கமும் இரண்டு சிறுமிகள். உச்சியில் துளை இருப்பதால் ஏதோ ஒரு சாமானின் காலாகவோ கைப்பிடியாகவோ இருந்திருக்க வேண்டும். இதே சாயலில் மகாராஷ்டிரத்தில் தேர், போகர்தன் என்ற ஊர்களில் கிடைத்திருப்பதால், தக்காணத்துச் சரக்கு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுக் கைவேலை என்று உரிமை கொண்டாட மாட்டேன். ஆனால் என் மனைவி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது இது: "கால்ல இத்தனை வரி போட்டிருக்குதே இந்தப் புள்ள! நம்ம செவ்வாப்பேட்டைத் தண்டையாட்டவே இருக்குதுங்க." முழங்கை வரை வளையல், கால் நிறையக் காப்பு. நான் பாடப்புத்தகத்தில் பலமுறை பார்த்த படம்தான். காலை ஒருநாளும் கவனித்ததில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தபோது அடுத்த கேள்வி கேட்டாள். "அவங்க நாட்டு வெள்ளி அத்தனையும் நம்ம பக்கம் வந்துச்சுங்கறீங்க. அதெல்லாம் எங்க போச்சுங்க?"

எவ்வளவு வந்தது என்பதற்கு பிளினியிடம் கணக்கு இருக்கிறது. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்புகிறார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு டினாரியஸ். ஒரு டினாரியஸில் நான்கு கிராமுக்குக் கொஞ்சம் குறைவான வெள்ளி. எல்லாமே வெள்ளியாக வந்திருந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 48 டன். பொன்னாகவும் பண்டமாகவும் வந்தது உண்டு. மனிதர் ஆடம்பரத்தைத் திட்டும் வேகத்தில் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனால் வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஓலையை 1985இல் படித்து வெளியிட்டார்கள். முசிறியிலிருந்து 'ஹெர்மபோலோன்' என்ற கப்பல் கொண்டுவந்த சரக்கு அதில் இருக்கிறது. தந்தம், துணி, கங்கைப் பக்கத்து நறுமணத் தைலம். கால் பங்கு சுங்கம் போக மதிப்பு சுமார் 70 லட்சம். இப்படி ஏழு கப்பல் போனால் பிளினியின் கணக்கு சரியாகிவிடுகிறது.

மிளகைப் பற்றியும் அவர் குறைப்பட்டிருக்கிறார்: காரத்தைத் தவிர அதில் என்ன இருக்கிறது, இதற்காகவா இந்தியா வரை போவது என்று. ஒரு ராத்தல் கருமிளகு 4 டினாரியஸ் என்று விலையும் போட்டிருக்கிறார். "பாவம், ரசம் குடிச்சுப் பார்த்திருக்க மாட்டாரு" என்பது வீட்டுக்காரம்மாவின் தீர்ப்பு.

பிளினி அந்த விரிகுடாவிலேயேதான் இறந்தார். மிசேனம் முனையில் ரோமானியக் கடற்படைத் தளபதியாக இருந்தவர், கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பல்களோடு போய், ஸ்டேபியாக் கரையில் மாண்டார். அது ஆகஸ்டு 24 என்று நாங்கள் படித்தோம், நடத்தினோம். 2018இல் பாம்பேயின் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய வரி ஒன்று கிடைத்தது. அதில் அக்டோபர் 17க்கு ஈடான தேதி. அதனால் வெடித்தது அக்டோபர் கடைசியில் என்றே இப்போது பலரும் கொள்கிறார்கள். நாங்கள் போனதும் அதே பருவம். மாதுளை பழுத்திருந்தது, மாலையில் சால்வை தேவைப்பட்டது.

இலையுதிர் காலக் கடலை ரோமானியர்கள் நம்பமாட்டார்கள். செப்டம்பர் நடுவோடு நல்ல நாள் முடிந்தது. நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடலை மூடிவிட்டதாகவே கணக்கு. நேப்பிள்ஸை விட்டு மால்டாவுக்குப் போன இரவு எங்கள் கப்பலே தொட்டில் போல ஆடியது. என் மனைவி ஊறுகாயை வாயில் அடக்கிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அதே மால்டாவில்தான் பவுலடியார் வந்த அலெக்சாந்திரியாக் கப்பல் இந்தப் பருவத்தில் உடைந்தது. மூன்று மாதம் அங்கே தங்கி, வேறொரு அலெக்சாந்திரியாக் கப்பலில் ஏறி அவர் இறங்கிய துறை, புட்டியோலி. நம் பக்கத்துக் கடலுக்குக் கணக்கே வேறு. எகிப்திலிருந்து ஆடிக் காற்றில் முசிறிக்கு வருவார்கள். மார்கழி, தை வாடைக் காற்றில் திரும்புவார்கள். அங்கே கடை அடைக்கும் நேரத்தில் இங்கே சரக்கேற்றுவார்கள்.

நம்மவர்களும் போயிருக்கிறார்கள். செங்கடல் ஓரத்தில் எகிப்தின் பெரெனிகே துறையில் 1995இல் கிடைத்த பானை ஓட்டில் 'கொற்ற பூமான்' என்று தமிழ் எழுத்தில் பெயர் இருக்கிறது. அங்கேயே கோயில் வளாகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே இருந்தது.

இனி, வெள்ளி எங்கே போனது என்ற கேள்வி. கொஞ்சம் சேரமன்னர்களின் நாணயமானது. கரூரில் கிடைத்த 'மாக்கோதை' வெள்ளிக் காசில் ராஜாவின் முகம் ரோமானிய பாணியில் இருக்கிறது. அதைப் படித்து வெளியிட்டவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. மீதி தண்டையும் கொலுசும் அரைஞாணுமாகி, உருகி, மறுபடி உருகியிருக்கும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் உருக்கியதில் எனக்கு வருத்தமில்லை. நம் காலத்தில் உருக்குவதுதான் பொறுக்கவில்லை. ஆற்று மணலில் அரித்தெடுத்த காசுகள் எடைக்கு எடை பட்டறைக்குப் போன கதையைக் கரூர்ப் பக்கத்து முதியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது ஊரெங்கும் ஜேசிபி ஓடுகிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தோட்டம் இருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும்; சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மண்ணோடு அப்படியே கொடுங்கள்; எழுத்து தேய்ந்துவிட்டால் எந்த ராஜா என்று யாராலும் சொல்ல முடியாது.