1985 உரையாடலும் ஆண்ட்ரூ குரோவின் முடிவும்: ஒரு சான்றின் மறுவாசிப்பு

இன்டெல் நிறுவனம் தன் தொடக்கத் தொழிலான நினைவகச் சில்லு உற்பத்தியைக் கைவிட்டு நுண்செயலியை நம்பிப் பிழைத்த வரலாற்றை, 1985 இன் நடுப்பகுதியில் ஆண்ட்ரூ குரோவ் என்னும் தனிமனிதர் ஒரே உரையாடலில் எடுத்த துணிவான முடிவாகக் காண்பது நிர்வாகவியல் எழுத்துகளில் நெடுநாளாக வழங்கிவரும் மரபு. அம்மரபு ஏறத்தாழ முழுவதுமாக ஒரு சான்றையே சார்ந்து நிற்கிறது. குரோவ் 1996 இல் வெளியிட்ட ‘ஒன்லி தி பாரனாய்ட் சர்வைவ்’ என்ற நூலில் வரும் சிறு பகுதியே அது. அப்பகுதி முடிவு பிறந்த கணத்தைக் காட்டவில்லை என்பதும், நிறுவனத்தின் கீழ்த்தளங்களில் பல ஆண்டுகளாக நடந்து பெரும்பாலும் முடிந்திருந்த ஒன்றை மேல்மட்டம் வாய்விட்டு ஒப்புக்கொண்ட கணத்தையே காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சான்று கூறுவது இவ்வளவே. இழப்பும் சோர்வும் சூழ்ந்திருந்த அந்நாளில் குரோவ் தம் அறையில் கார்டன் மூருடன் அமர்ந்திருந்தபோது, இருவரையும் வெளியேற்றிவிட்டு இயக்குநர் குழு புதிய தலைவரைக் கொண்டுவந்தால் அவர் முதலில் என்ன செய்வார் என்று வினவினார்; நினைவகத் தொழிலிலிருந்து விலகிவிடுவார் என்று மூர் தயங்காமல் விடை கூறினார்; அவ்வாறாயின் அதைத் தாங்களே செய்தால் என்ன என்று குரோவ் கேட்டார். இதைத் திருப்புமுனையாகப் படிப்போர் இதே பகுதியிலுள்ள ஒரு செய்தியைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். 1985 இல் தலைமைச் செயல் அலுவலர், அதாவது இயக்குநர் குழுவுக்கு நேரடியாகப் பொறுப்புக் கூறும் உயர்நிலை நிர்வாகி, குரோவ் அல்லர். மூரே அப்பதவியில் இருந்தார். 1979 முதல் நிறுவனத்தின் அன்றாடச் செயலாக்கத்தைத் தாங்கிய குரோவ், தலைமைப் பதவிக்கு வந்தது 1987 இல்தான். எனவே உரையாடலில் கேள்வி கேட்டவர் இரண்டாம் நிலையிலும் விடை சொன்னவர் முதல் நிலையிலும் இருந்தனர். விடையை மூரிடமிருந்தே பெற வேண்டியிருந்த ஒருவரின் கேள்வியைத் தலைமைச் செயல் அலுவலர் ஒருவரின் தீர்ப்பாக மாற்றிப் படிப்பது, பிற்காலப் பதவியை முற்கால நிகழ்வின்மேல் ஏற்றுவதாகும்.

நூல் எழுதப்பட்ட காலத்தையும் கருத வேண்டும். நிகழ்வுக்கும் நூலுக்கும் இடையே 11 ஆண்டுகள் உள்ளன. அவ்விடைவெளியில் குரோவ் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் நிர்வாக உத்தி குறித்துப் பாடம் நடத்தினார். 1994 இறுதியில் பென்டியம் சில்லின் வகுத்தல் பிழை வெளியாகி, சில்லுகளை மாற்றித் தரும் செலவுக்காக நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. உள்ளிருப்போர் உணரத் தவறுவதை வெளியிலிருந்து பார்ப்பவர் உடனே காண்பார் என்ற பாடம் அப்பிழையிலிருந்து அவருக்குக் கிடைத்தது. நினைவக உரையாடலும் அதே பாடத்தின் வடிவத்தில் அமைந்திருக்கிறது. உரையாடல் நிகழவே இல்லை என்று இதனால் ஐயுற வேண்டியதில்லை. கற்பிப்பதற்கென ஒழுங்கு பெற்ற நினைவு, நிகழ்வுகளின் வரிசையைச் சுருக்கிக் காரணத்தை ஒரு புள்ளியில் குவித்திருக்கக்கூடும் என்ற அளவில் எச்சரிக்கை போதும்.

எனினும் மரபுக் கருத்தை வலுவாக மறுக்கும் ஆதாரத்தை அந்நூலிலேயே குரோவ் தந்திருக்கிறார். மேல்மட்டம் வாதிட்டுக்கொண்டிருந்தபோதே உற்பத்தித் திட்டமிடுவோரும் நிதிப் பிரிவினரும் ஆலைத்திறனை நினைவகத்திலிருந்து நுண்செயலிக்குச் சிறிது சிறிதாக மாற்றிவந்தனர் என்றும், விலகல் முடிவு வந்தபோது எட்டு உற்பத்திக்கூடங்களில் ஒன்று மட்டுமே நினைவகச் சில்லுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது என்றும் அவர் எழுதுகிறார். இம்மாற்றத்தை இயக்கியது ஓர் எளிய விதி. சில்லுகள் தனித்தனியே செய்யப்படுவதில்லை. சிலிக்கான் வில்லை எனப்படும் மெல்லிய வட்டத் தகட்டில் அவை கூட்டமாக உருவாக்கப்பட்டுப் பின்னர் வெட்டிப் பிரிக்கப்படுகின்றன. ஆகவே ஆலையில் அரிதான வளம் வில்லையே. எந்தச் சில்லு வில்லை ஒன்றுக்கு மிகுந்த இலாபம் ஈட்டுமோ அதற்கே ஆலைத்திறனை முதலில் வழங்குவது என்பது இன்டெல்லில் நிலைபெற்றிருந்த வழக்கம். ஜப்பானிய நிறுவனங்கள் பேரளவு உற்பத்தியாலும் தரத்தாலும் நினைவகத்தின் விலையைத் தொடர்ந்து வீழ்த்தியபோதும், 1981 இல் ஐபிஎம் தனிக்கணினி இன்டெல்லின் 8088 நுண்செயலியைத் தாங்கி வெளிவந்தபோதும், இவ்விதி எவருடைய ஆணைக்கும் காத்திராமல் வில்லைகளை ஒரு திசையிலேயே நகர்த்தியது. 1970 களின் தொடக்கத்தில் நினைவகச் சந்தையில் முதன்மை பெற்றிருந்த நிறுவனம், 1984 இல் அதே சந்தையில் மிகச் சிறு பங்குடையதாகச் சுருங்கியிருந்தது. விலகல் என்ற செயல் பெரும்பகுதி அங்கேயே நடந்துவிட்டது.

உரையாடலுக்குப் பின் நடந்தவையும் இவ்வாசிப்புக்கே துணைசெய்கின்றன. விலகுவதைப் பற்றித் தம்மால் தெளிவாகப் பேசவே இயலவில்லை என்கிறார் குரோவ். விற்கப்போவதில்லை என்று தெரிந்த நினைவகச் சில்லின் ஆய்வுப் பணி சிறிது காலம் தொடர அனுமதிக்கப்பட்டது. மாற்றம் செயல்வடிவம் பெற 1986 இன் நடுப்பகுதி ஆயிற்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, செய்தியைக் கேட்ட வாடிக்கையாளர்கள் வியப்படையவில்லை, காலந்தாழ்ந்த முடிவாகவே அதைக் கருதினர். வெளியில் உள்ளோர் அனைவருக்கும் முன்பே தெரிந்திருந்த ஒன்றை ஒருவர் ஒரு நாளில் கண்டுபிடித்ததாகச் சொல்வதற்கு வலுவான ஆதாரம் தேவை. அத்தகையது எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை.

புடாபெஸ்டில் பிறந்து, ஹங்கேரி எழுச்சி ஒடுக்கப்பட்டபின் ஏதிலியாக வெளியேறி, 1957 இல் அமெரிக்கா சேர்ந்த ஒருவருக்கு விட்டு விலகுதல் இயல்பாகவே கைவந்தது என்ற விளக்கமும் உண்டு. அதே மனிதர் விலகத் தயங்கிய ஆண்டுகளை அது விளக்காது. அதனால் அதை நெடிது ஆராய வேண்டியதில்லை. கூடத்தை மூடுவதற்கும் ஆயிரக்கணக்கானோரைப் பணிநீக்குவதற்கும் மேல்மட்டத்தின் ஒப்புதல் இன்றியமையாதது என்ற மறுப்பு மட்டும் ஏற்கத்தக்கது. அவ்வொப்புதலின் விலை சிறிதன்று. 1986 இல் நிறுவனம் 17 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. ஆனால் ஒப்புதலும் திசையைத் தேர்ந்தெடுத்தலும் வெவ்வேறு செயல்கள்.

இதனால் குரோவின் இடம் சிறுத்துவிடவில்லை. வில்லை விதியை வகுத்தவர் அவர் என்று சொல்வதற்குச் சான்றில்லை. எனினும் அவ்விதி கண்டிப்புடன் இயங்கிய செயலாக்க அமைப்பு அவர் பொறுப்பில் இருந்தது. 1983 இல் அவர் எழுதிய ‘ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்’ என்ற நூல், நிர்வாகியின் பணி தம் குழுவின் விளைச்சலே என்றும், களத்தறிவுடையோர் பதவி வேறுபாடின்றி முடிவில் பங்கேற்க வேண்டும் என்றும் வற்புறுத்துவது. கீழ்த்தளக் கணக்கு மேல்மட்டப் பற்றை மீறிச் செல்ல இடம்தந்த ஒழுங்குமுறையை, அந்த 1985 உரையாடலை விட உயர்ந்த சாதனையாகக் கருதலாம்.

மேல்மட்டத்தின் உண்மையான தேர்வு ஒன்றைக் காண வேண்டுமாயின், 1985 அக்டோபரில் அறிமுகமான 386 நுண்செயலியை நோக்க வேண்டும். சில்லு ஒன்றை இரண்டாவது நிறுவனமும் உரிமம் பெற்றுத் தயாரிக்க வேண்டும் என்பது அதுவரை கணினி நிறுவனங்கள் விதித்துவந்த நிபந்தனை. அதை மறுத்து, போட்டிச் சில்லு நிறுவனங்களுக்கு உரிமம் தராமல் 386 ஐத் தானே வழங்க இன்டெல் துணிந்தது. ஏ.எம்.டி. நிறுவனத்துடன் பல ஆண்டுகள் நீண்ட வழக்கு அதனால் எழுந்தது; 1986 இல் ஐபிஎம்முக்கு முந்திக்கொண்டு காம்பேக் நிறுவனம் 386 கணினியை வெளியிட்டது. வில்லைக் கணக்கு எதுவும் அந்த விடையைத் தந்திருக்க முடியாது. வாடிக்கையாளர்களும் அதை எதிர்பார்க்கவில்லை. குரோவை முடிவெடுத்த தலைவராக நிறுவ விரும்பும் ஆய்வு, நினைவகத்தை விட்டு 386 இலிருந்து தொடங்க வேண்டும்.